ஒற்றை ஆள் நின்றால் அது கூட்டமா?

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. மூன்று ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறான். வொர்க் பர்மிட்தான். ஏஜென்ட்டுக்குக் கட்ட வாங்கிய கடனில் இன்னும் ஒன்றே முக்கால் லட்சம் பாக்கி இருக்கிறது. போன மாதம் தேக்காவில் (லிட்டில் இந்தியா பகுதி) வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் ஒரு வயதான அம்மாவைப் பார்த்திருக்கிறான். மலேசியத் தமிழர். மகன் சாங்கி சிறையில் தூக்குத் தண்டனைக் கைதியாக இருக்கிறானாம். இவன் தண்ணீர் வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டு வந்திருக்கிறான். அன்றிலிருந்து இவனுக்குத் தூக்கமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சிறைக்கு வெளியே போய், ‘அவரைத் தூக்கிலிடாதீர்கள்’ என்று எழுதிய ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் நிற்கப்போவதாகச் சொல்கிறான். கோஷம் கிடையாது, துணைக்கும் யாரும் கிடையாது. “நம் ஊரில் 144 போட்டால்கூடக் கூட்டம் சேரக்கூடாது என்றுதானே சொல்வார்கள்? ஒற்றை ஆள் நின்றால் அது எப்படி அக்கா கூட்டம் ஆகும்?” என்று கேட்கிறான். திட்டினால் போனை வைத்துவிடுகிறான். நான் என்ன சொல்ல?

– வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் உங்கள் தம்பி கேட்ட கேள்விக்கே பதில் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் ஒற்றை ஆள் நின்றாலும் அது கூட்டம்தான். சட்டத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. அதனால் அவர் நிற்க வேண்டாம் என்பதுதான் ஒரு வழக்கறிஞராக என் ஆலோசனை. ஆனால் இந்த ஒரு வரியை மட்டும் அவரிடம் சொன்னீர்கள் என்றால் மறுபடியும் போனை வைத்துவிடுவார். முழுவதையும் படித்துவிட்டுப் பேசுங்கள்.

தம்பி கேட்டது நியாயமான கேள்வி. ஐந்து பேர் சேர்ந்தால்தான் சட்டவிரோதக் கூட்டம் என்பது நம் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 141-வது பிரிவு. அதே சட்டத்தைத்தான் வெள்ளைக்காரர்கள் 19-ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூருக்கும் கொண்டுபோனார்கள். அங்கும் நெடுங்காலம் ஐந்து பேர் என்பதே கணக்கு. பொதுக் காரியத்துக்காக ஐந்து பேர் கூடினால்தான் போலீஸ் அனுமதி வாங்க வேண்டும். நான்கு பேராக நின்றவர்களைத் தடுப்பது போலீசுக்குத் தலைவலியாக இருந்தது. 2009-இல் பொது ஒழுங்குச் சட்டம் என்று புதிதாக ஒன்று கொண்டுவந்து அந்த எண்ணிக்கையை எடுத்துவிட்டார்கள். ஒரு கருத்தை ஆதரித்தோ எதிர்த்தோ ஒருவர் தனியாக நின்று காட்டினாலும் அது ‘கூடுகை’ என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அனுமதி இல்லாமல் கலந்துகொண்டால் 3,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், ஏற்பாடு செய்தால் 5,000 வரை. மறுபடி செய்தால் தொகை கூடும், ஏற்பாடு செய்தவருக்குச் சிறையும் உண்டு. தனியாக நிற்கிறவர் ஏற்பாட்டாளரா, கலந்துகொண்டவரா என்று கேட்டால், இரண்டும் அவர்தான்.

ஐந்து நிமிடம் என்கிறார் தம்பி. ஐந்து நிமிடமே மிக அதிகம். ஜோலோவன் வாம் என்று ஒரு சிங்கப்பூர்க்காரர், சமூகச் செயற்பாட்டாளர். 2020 மார்ச் 28 அன்று தோ பாயோவில் ஒரு போலீஸ் நிலையத்தின் அருகே நின்று, ஓர் அட்டையைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அட்டையில் ஓர் எழுத்துகூடக் கிடையாது. சிரிக்கும் முகம் மட்டும் வரைந்திருந்தார். பருவநிலை மாற்றம் பற்றிப் பதாகை பிடித்ததற்காகப் போலீஸ் விசாரித்துக்கொண்டிருந்த இரண்டு இளைஞர்களுக்கு ஆதரவாக அதைச் செய்தார். எட்டு மாதம் கழித்து, நவம்பர் 23-ஆம் தேதி, அனுமதியில்லாத கூடுகை என்று அவர்மேல் குற்றச்சாட்டு பதிவானது. அதே நாளில் இன்னொரு குற்றச்சாட்டும் வந்தது. 2018 டிசம்பரில் நீதிமன்ற வாசலில் ஒரு தாளைப் பிடித்துச் சில விநாடிகள் நின்று படம் எடுத்திருந்தார். அந்த வழக்கில் 2022 பிப்ரவரியில் 3,000 வெள்ளி அபராதம் விதித்தார்கள். கட்ட மறுத்துப் பதினைந்து நாள் சிறைக்குப் போனார். சில விநாடிகள் நின்றதற்கு மூன்று ஆண்டுகளுக்கு மேல் வழக்கு.

இந்தக் கால அளவைத் தம்பி கவனிக்க வேண்டும். கூட்டத்தைக் கலைப்பது என்றால் நமக்குத் தடியடியும் கண்ணீர்ப்புகையும்தான் நினைவுக்கு வரும். அங்கே பெரும்பாலும் யாரும் யாரையும் அடிப்பதில்லை. அதிகாரி மரியாதையாகத்தான் வருவார். “அனுமதி இருக்கிறதா?” என்று கேட்பார். கலைந்து போகச் சொல்லி உத்தரவு கொடுப்பார். அந்த இடத்தின் பக்கம் 24 மணி நேரம் வரை வரக்கூடாது என்று சொல்லவும் சட்டத்தில் வழியிருக்கிறது. எல்லாம் வீடியோவில் பதிவாகும். அத்துடன் முடிந்தது என்று நினைத்து வீட்டுக்குப் போனால், சில வாரம் கழித்து விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வரும். போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதன் பிறகு மாதக்கணக்கில் காத்திருப்பு. வழக்கு போடுவார்களா, எச்சரித்து விட்டுவிடுவார்களா, எதுவுமே சொல்லமாட்டார்களா என்று தெரியாது. என்னைக் கேட்டால் தண்டனை அங்கேயே தொடங்கிவிடுகிறது. பார்த்துக்கொண்டிருக்கிற நூறு பேருக்கு, நமக்கெதற்கு இந்த வம்பு என்று தோன்றினால் போதும் அவர்களுக்கு.

நிற்கப்போவதாகச் சொல்கிற இடமும் சாதாரண இடமல்ல. 2017 ஜூலையில் பிரபாகரன் ஸ்ரீவிஜயன் என்ற மலேசியத் தமிழரைத் தூக்கிலிடுவதற்கு முந்தைய இரவு, அவருக்காகச் சிலர் சாங்கி சிறைக்கு வெளியே மெழுகுவர்த்தி ஏற்றி உட்கார்ந்தார்கள். போலீஸ் வந்து மெழுகுவர்த்திகளையும் அவருடைய படங்களையும் எடுத்துக்கொண்டு போனது. உட்கார்ந்திருக்க மட்டும் விட்டார்கள். பின்னால் அதற்கும் விசாரணை வந்தது. 2022-இல் இதே சிறைக்கு வெளியே நின்றது பற்றி இரண்டு பேரை விசாரணைக்கு அழைத்தார்கள். மரண தண்டனைக்கு எதிரான வாசகம் அச்சிட்ட டி-ஷர்ட்டை அணிந்துகொண்டு அவர்கள் ஸ்டேஷனுக்குப் போக, அந்தச் சட்டைகளையும் போலீஸ் வாங்கி வைத்துக்கொண்டது. ஒரு தாய் தன் மகனை நினைத்து ஏற்றுகிற விளக்குக்கு அனுமதிச் சீட்டு கேட்கிற சட்டத்தை என்னால் ஏற்க முடியவில்லை. முப்பது ஆண்டுகளாக வழக்காடுகிறேன், இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

அந்த நாட்டு அரசு தன் பக்கத்துக்குச் சொல்வதையும் சொல்லிவிடுகிறேன். 1964-இல் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே கலவரம் நடந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். பல இனம் நெருங்கி வாழும் சின்னத் தீவில் சிறு பொறியும் ஆபத்து என்பார்கள். கலவரத்தை நேரில் பார்த்த தலைமுறையின் அச்சம் பொய்யில்லை. ஆனால் காகிதத்தோடு தனியாக நிற்கிற ஒருவரால் எந்த இனத்துக்கு என்ன ஆபத்து என்ற கேள்விக்கு அதில் விடை கிடையாது. சிங்கப்பூரில் தேர்தல் நடக்கிறது, நீதிமன்றம் ஒழுங்காக இயங்குகிறது, ஆட்களைக் காணாமல் போகச் செய்வதில்லை. அதனால் அதை ரஷ்யாவோடும் பெலாரஸோடும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பிடி ஒன்றுதான். பெலாரஸில் 2011-இல் மக்கள் தெருவில் நின்று கைதட்டினார்கள், வேறொன்றும் செய்யவில்லை, அதற்கே கைது செய்தார்கள். கஜகஸ்தானில் 2019-இல் ஓர் இளைஞர் எதுவும் எழுதாத வெள்ளைத் தாளைப் பிடித்து நின்றார். அவரையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். ரஷ்யச் சட்டப்படி ஒற்றை ஆள் பதாகை பிடித்து நிற்க முன்னறிவிப்பே தேவையில்லை. அப்படியிருந்தும் 2022-இல் போர் தொடங்கியபின் வெற்றுத் தாளோடு நின்றவர்களைப் பிடித்தார்கள். எழுதியிருப்பது எதுவாக இருந்தாலும் இந்த அரசுகளுக்குக் கவலையில்லை. ஒருவர் நிற்பதைப் பார்த்து இன்னொருவர் வந்து பக்கத்தில் நிற்பார் என்பதுதான் கவலை.

‘சிங்கப்பூரில் போராட்டம் நடத்த ஒரு பூங்கா இருக்கிறதாமே’ என்று தம்பி கேட்கக்கூடும். உண்மைதான். ஹோங் லிம் பூங்காவில் 2000-ஆம் ஆண்டிலிருந்து பேச்சாளர்களுக்கென ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். 2008-இலிருந்து குடிமக்கள் அங்கே பதிவு செய்துகொண்டு ஆர்ப்பாட்டமும் நடத்தலாம். 2022 ஏப்ரலில் நாகேந்திரன் தர்மலிங்கம் என்ற மலேசியத் தமிழரைத் தூக்கிலிடுவதற்கு முன்பு சில நூறு பேர் அங்கேதான் கூடினார்கள். ஆனால் அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். மற்ற வெளிநாட்டவர் கலந்துகொள்ளக்கூடாது. பின்னால் விதிகளைத் திருத்தியபின், ஓர் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பதும் கலந்துகொண்டதாகிவிடும் என்ற நிலை வந்தது. 2017-இல் அங்கே பெரிய நிகழ்ச்சி ஒன்றை நடத்தியவர்கள் சுற்றிலும் தடுப்பு வைத்து, ஒவ்வொருவரின் அடையாள அட்டையையும் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். தம்பி அந்தப் பூங்காப் பக்கம் கூட்டம் நடக்கும்போது போகவே வேண்டாம்.

பூங்காவுக்கு வெளியே கால் வைத்தால் குடிமகனுக்கும் இதே கதிதான். சீலன் பாலே என்ற ஓவியர் 2017 அக்டோபர் 1 அன்று அந்தப் பூங்காவில் அனுமதி வாங்கி ஒரு கலை நிகழ்ச்சி நடத்தினார். கையில் ஒரு கண்ணாடி, முகம் பார்க்கிற கண்ணாடி. 1966-இல் கைதாகி, விசாரணையே இல்லாமல் 23 ஆண்டு சிறையிலும் அதன்பிறகு கட்டுப்பாடுகளிலுமாக மொத்தம் 32 ஆண்டுகளை இழந்த சியா தை போ என்ற முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினரை நினைவுகூர்கிற நிகழ்ச்சி. கண்ணாடியைப் பிடித்தபடியே நடந்துபோய் நாடாளுமன்றத்தின் முன் நின்றார். பூங்காவில் கலையாக இருந்தது நாடாளுமன்ற வாசலில் அனுமதியில்லாத ஊர்வலமாகிவிட்டது. 2,500 வெள்ளி அபராதம் விதித்தார்கள். அவரும் கட்டாமல் இரண்டு வாரம் சிறையில் இருந்தார்.

ஜோலோவன் வாம், சீலன் பாலே இருவரும் சிறைக்குப் போய்விட்டுத் தங்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள். மறுநாளே வேண்டுமானாலும் அடுத்த பதாகையை எழுதலாம். உங்கள் தம்பிக்கு அந்த வசதி கிடையாது. நான் பயப்படுவது அபராதத்துக்கும் அல்ல, சிறைக்கும் அல்ல. பாஸுக்குத்தான், அதாவது அவருடைய வொர்க் பர்மிட்டுக்கு.

சிங்கப்பூர் அரசியல் சாசனத்தின் 14-வது பிரிவு, பேசவும் அமைதியாகக் கூடவும் உரிமை தருகிறது. யாருக்கு? குடிமக்களுக்கு. வெளிநாட்டுத் தொழிலாளிக்கு அந்த உரிமை கிடையாது. வொர்க் பர்மிட்டின் நிபந்தனைகளில், சட்டவிரோதமான, ஒழுக்கக்கேடான, விரும்பத்தகாத நடவடிக்கைகளில் ஈடுபடக்கூடாது என்று ஒன்று இருக்கிறது. ‘விரும்பத்தகாத’ என்பதை எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் இழுக்கலாம். போதாததற்கு, மலேசியர் அல்லாத ஒவ்வொரு பர்மிட் தொழிலாளிக்கும் கம்பெனி 5,000 வெள்ளிப் பிணையம் கட்டியிருக்கும். மனிதவள அமைச்சு கூப்பிடும் முன்பே கம்பெனி பயந்து பாஸைக் கேன்சல் செய்துவிடும். அதற்குக் குற்றச்சாட்டு வேண்டாம், சாட்சி வேண்டாம், நீதிபதி வேண்டாம்.

நடந்த கதைகள் இருக்கின்றன. 2012 நவம்பரில் சீனாவிலிருந்து வந்த பஸ் ஓட்டுநர்கள் 171 பேர் சம்பளப் பிரச்சினைக்காக வேலைக்குப் போகவில்லை. ஐந்து பேர்மேல் வழக்கு, சிறை. 29 பேரை வழக்கே இல்லாமல் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். 2013 மே மாதம், மலேசியத் தேர்தல் முடிவை எதிர்த்து சிங்கப்பூரில் கூடிய மலேசியர்கள் 21 பேரைக் கைது செய்தார்கள், சிலர் பாஸை இழந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் நம் ஊர்க்காரர் சக்திவேல் குமாரவேலு தேக்காவில் பஸ் ஏறி இறந்தார், அதைத் தொடர்ந்து கலவரம் வெடித்தது. அது அமைதிப் போராட்டம் அல்ல, வண்டிகளை எரித்த சம்பவம், இதோடு சேர்க்க மாட்டேன். ஆனால் அப்போதும் 25 பேர்தான் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 57 பேர் நேராக விமானத்தில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் திருச்சி விமான நிலையத்திலிருந்து நேராக என் அலுவலகத்துக்கு வந்தார். காலில் சேஃப்டி ஷூ, அதில் சிவப்புப் பெயின்ட் தெறித்திருந்தது. மாற்றிக்கொள்ளக்கூட நேரம் தரவில்லையாம். டார்மிட்டரியில் கொடுத்த கெட்டுப்போன சோற்றைப் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். காலையில் வேலைக்குப் போனவரைப் பகலில் சூப்பர்வைசர் கூப்பிட்டு, பாஸ் கேன்சல், ராத்திரி ஃப்ளைட் என்று சொல்லியிருக்கிறார். “நான் செய்த குற்றம் என்ன என்று ஒரு தாளிலாவது எழுதிக் கொடுத்திருக்கலாமே அம்மா” என்றார். அவர் பையில் இருந்ததையெல்லாம் மேசைமேல் கொட்டித் தேடினோம். போர்டிங் பாஸ், இரண்டு மாதச் சம்பளச் சீட்டு, பாதி தீர்ந்த தைலப் புட்டி. காரணம் என்று ஒரு வரிகூட எதிலும் இல்லை. எதை எதிர்த்து வழக்குப் போடுவது? அந்த மேசை எதிரே உங்கள் தம்பி வந்து உட்காரக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இனி, என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

அந்தத் தாயின் மகனுக்கு மேல்முறையீடு முடிந்துவிட்டிருந்தால், மிஞ்சியிருக்கிற முக்கியமான கதவு அதிபரிடம் கருணை மனு. குடும்பமும் வழக்கறிஞரும் அதைக் கொடுப்பார்கள். அதோடு வெளியாட்கள் தனிப்பட்ட முறையில் அதிபர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுவதைச் சட்டம் தடுக்கவில்லை. தம்பி தன் பெயரில், மரியாதையாக, தமிழிலேயே எழுதலாம். சிங்கப்பூரில் தமிழும் ஆட்சி மொழி. அந்தத் தாயைத் தான் சந்தித்ததை எழுதட்டும். நீதிமன்றத்தையோ நீதிபதிகளையோ குறைசொல்லி ஒரு வார்த்தையும் வேண்டாம். அங்கே நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் கடுமையானது. கடிதத்தைப் படம் எடுத்து ஃபேஸ்புக்கிலோ டிக்டாக்கிலோ போட வேண்டாம், கையில் பிடித்தபடி படமும் வேண்டாம். சிரிக்கும் முக வழக்கில் படம்தான் சாட்சி என்பதை நினைவூட்டுங்கள்.

அந்தத் தாய்க்கு உதவுவதை யாரும் தடுக்க முடியாது. மலேசியாவிலிருந்து மகனைப் பார்க்க வருகிறவர்களுக்கு பஸ் செலவும் தங்குமிடமும் பெரிய பாரம். ஜொகூர் பாலத்தைத் தாண்டி, வரிசையில் நின்று, சிறைக்குப் போய்க் கண்ணாடிக்குப் பின்னால் மகனைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற அந்த ஒரு நாளில் கூட ஒரு ஆள் இருந்தால் அவருக்கு எவ்வளவு ஆறுதல். வெளியே தாளோடு நிற்கிறவரைவிட, பஸ் நிறுத்தம் வரை பையைத் தூக்கிவருகிறவர் அவருக்கு அதிகம் தேவைப்படுவார். தம்பி ஏற்கெனவே அதை ஒருமுறை செய்திருக்கிறார்.

பதாகை பிடித்தே ஆக வேண்டும் என்றால் அதை நீங்கள் பிடியுங்கள். இங்கே நீங்கள் குடிமகள். போலீஸ் அனுமதிக்கு மனுக் கொடுத்துவிட்டுத் திருவாரூரில் நில்லுங்கள். இங்கும் இழுத்தடிப்பார்கள், மறுத்தால் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம், அந்த மனுவை நானே தயார் செய்து தருகிறேன், கட்டணம் வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் அவர் போய் நின்றுவிட்டால்? 27 வயது ஆண்மகன், முடிவு அவருடையது. அப்படி நடந்தால் இவற்றை மனதில் வைத்துக்கொள்ளட்டும். அதிகாரி போகச் சொன்னால் அந்த நிமிடமே போய்விட வேண்டும், வாதாடக்கூடாது. விசாரணைக்கு எழுத்தில் அழைத்தால் கட்டாயம் போக வேண்டும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதலிலேயே கேட்க வேண்டும். பொய் சொல்லக்கூடாது. ஆனால் தன்மேல் குற்றம் சுமத்தக்கூடிய பதிலைச் சொல்லியாக வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. வாக்குமூலத்தைத் தமிழில் வாசித்துக்காட்டச் சொல்லி, தவறு இருந்தால் திருத்தச் சொல்லி, அதன்பிறகு கையெழுத்துப் போடட்டும். கோபத்தில் கையெழுத்துப் போட மறுத்தால் அதற்குத் தனியாக வழக்கு வரும், ஜோலோவன் வாமுக்கு அப்படி அபராதம் விதித்திருக்கிறார்கள். போன் பறிபோகும் என்பதால் உங்கள் எண்ணையும் இந்தியத் தூதரக எண்ணையும் ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சம்பள பாக்கி இருந்தால் கணக்கை இன்றே படம் எடுத்து உங்களுக்கு அனுப்பிவிடட்டும். ஊருக்கு அனுப்பிவிட்டால் அதன்பின் அந்தப் பணத்தைக் கேட்டு வாங்குவது மிகக் கஷ்டம்.

கடைசியாக உங்களுக்கு ஒன்று. அவரைத் திட்டாதீர்கள். கடன் பாக்கியை மட்டும் சொல்லிக்காட்டினால், தன்னைப் பணம் அனுப்புகிற இயந்திரமாகத்தான் வீடு பார்க்கிறது என்று அவருக்குத் தோன்றும். முன்பின் தெரியாத ஒரு தாய்க்காகத் தூக்கம் கெட்டுக் கிடக்கிறார் உங்கள் தம்பி. அதற்காக நீங்கள் பெருமைப்படுவதை முதலில் சொல்லிவிட்டு, பாஸ் விவகாரத்தைப் பிறகு சொல்லுங்கள்.

அந்தத் தாளில் எழுதி வைத்திருக்கிறாரே, ‘அவரைத் தூக்கிலிடாதீர்கள்’ என்று, அதைக் கிழித்துப்போட வேண்டாம். அதிபருக்கு எழுதுகிற கடிதத்தின் முதல் வரியாக அதையே எழுதச் சொல்லுங்கள். வரைவை எனக்கு அனுப்பினால் படித்துத் திருத்தித் தருகிறேன். தூக்குக்கு நாள் குறித்துவிட்டால் குடும்பத்துக்குச் சில நாள் முன்புதான் தெரிவிப்பார்கள். அதனால் இந்த வாரமே எழுதிவிடட்டும்.